அபர்டீனும் அதன் கரையும்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

கருங்கல் எழுதியது:

ஸ்காட்லாந்து என்றதும் எல்லோரும் எடின்பரோவுக்கோ ஸ்கை தீவுக்கோ டிக்கெட் போடுகிறார்கள். வடகிழக்கில் இருக்கும் அபர்டீனை எண்ணெய்க் கம்பெனி வேலையாக வருபவர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் அப்படிப் போனவன்தான். மூன்று வாரப் பயிற்சி என்று அனுப்பினார்கள், எட்டு மாதம் இருந்துவிட்டேன்.

இறங்கிய அன்று மழை. ஊர் மொத்தமும் சாம்பல் நிறக் கிரானைட். நகரத்துக்குள்ளேயே ரூபிஸ்லா என்று ஒரு கல்குவாரி உண்டு. 142 மீட்டர் ஆழம். 1971-ல் மூடிய பிறகு தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. ஊரின் பழைய கட்டடங்களில் பாதி அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்தவை என்பார்கள். நனைந்த கிரானைட்டைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் ஓடியது, சிறைக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது. நான்காம் நாள் வெயில் அடித்தது. கல்லில் இருக்கும் அப்பிரகம் மின்ன ஆரம்பித்ததும் மார்ஷல் கல்லூரி முகப்பு மொத்தமும் வெள்ளித்தூள் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. ஆகவே முதல் நாளை வைத்து இந்த ஊரை முடிவு செய்துவிடாதீர்கள்.

அன்று காலை பேக்கரி வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பாட்டி "ஃபார் யீ ஃபே?" என்றார். எனக்கு 'ஃபார்' மட்டும்தான் புரிந்தது. தூரத்திலிருந்து வந்திருக்கிறாயா என்று கேட்கிறார் போலிருக்கிறது என நினைத்து, "யெஸ், வெரி ஃபார்" என்றேன். வரிசையே சிரித்தது. பின்னால் நின்றவர்தான் விளக்கினார். அங்கே பேசும் டோரிக்கில் 'வாட்' என்பது 'ஃபிட்', 'வேர்' என்பது 'ஃபார்'. பாட்டி கேட்டது எந்த ஊர் என்று! கேலி செய்ததற்கு ஈடாகவோ என்னவோ, பையில் ஒரு ரௌவி ரொட்டி கூடுதலாக விழுந்தது.

ரௌவியைப் பற்றிச் சொல்லாமல் அபர்டீன் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. பட்டரி என்றும் சொல்வார்கள். குரோசான் மேல் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி தட்டையாக, கன உப்பாக இருக்கும். பல நாள் கடலில் தங்கும் மீனவர்களுக்குக் கெடாத ரொட்டி வேண்டும் என்றுதான் கொழுப்பும் உப்பும் இவ்வளவு போட்டார்கள் என்பது ஊர்க்கதை. சூடு பண்ணி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவுவார்கள் (ஆமாம், இன்னும்!). முதல் நாள் பாதியைக் குப்பையில் போட்டேன். இரண்டாம் வாரம் தினம் இரண்டு. பழைய முறையில் செய்வது பன்றிக் கொழுப்பில், எனவே கேட்டு வாங்குங்கள்.

துறைமுக வாயில் அருகே ஃபுட்டீ என்று ஒரு மீனவர் குடியிருப்பு. எழுதுவது அப்படி, ஊர்க்காரர்கள் சொல்வது 'ஃபிட்டி'. 1809-ல் திட்டமிட்டுக் கட்டியது. குட்டிக் குட்டி வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுரமாக உட்கார்ந்திருக்கும். காற்றைச் சமாளிக்க அதுதான் வழி. நான் போட்டோ எடுக்கும் மும்முரத்தில் ஒரு ஜன்னலுக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டேன். கதவு திறந்து ஒரு பெரியவர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உள்ளே என் மனைவி தூங்குகிறாள், அதைவிட என் ஷெட் நன்றாக இருக்கும், வா" என்று கூட்டிப்போனார். கரை ஒதுங்கிய மரம், பழைய மிதவைகள், ஒரு படகின் பெயர்ப்பலகை. அரை மணி நேரம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவை மனிதர்கள் வாழும் வீடுகள், அதை மறந்த நான்தான் அன்று வெட்கப்பட்டேன்.

மற்றவர்கள் தொடருங்கள்.

புட்டுக்குழல் எழுதியது:

அண்ணை, நல்லாய் எழுதியிருக்கிறீங்கள். நான் அங்கே இரண்டு வருசம் படித்தவன். டொல்பினை விட்டுவிட்டீர்களே!

துறைமுகத்தின் தெற்குப் பக்கம் டொரி பேட்டரி என்று ஒரு பழைய பீரங்கிக் கோட்டை இருக்கிறது, 1860-இல் கட்டினது. படகும் வேண்டாம், காசும் வேண்டாம், அந்த மேட்டில் நின்றாலே காணும். டீ ஆற்றுக்குள் ஏறும் சால்மன் மீனுக்காக டொல்பின்கள் துறைமுக வாய்க்கே வரும். இப்போது அங்கே ஒரு கஃபேயும் இருக்கிறது. நான் முதல் தரம் போனபோது ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. குளிரில் வெளிக்கிடப் பார்த்தேன். பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற அம்மா ஒருவர், "ஷெட்லாந்துத் தீவுக் கப்பல் வெளியே வரட்டும், பொறு" என்றார். கப்பல் வந்தது. அதன் முன்னலையில் ஆறேழு டொல்பின்கள் எழும்பி எழும்பி விழுந்தன. நான் தமிழில் கத்திவிட்டேன். அவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஒரு படிப்பினையும் உண்டு. பொரித்த மீன் கடையில் பகல் 12 மணிக்கு 'சப்பர்' என்று எழுதியிருந்தது. அது இரவுக்கு என்று நினைத்து வெறும் மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்காட்லாந்தில் 'ஃபிஷ் சப்பர்' என்றால் மீனோடு சிப்ஸும் (நீளமாய் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) சேர்த்து, எந்த நேரமானாலும். மீன் பெரும்பாலும் ஹாடக். அந்த வெறும் மீனிலும் பாதியைக் கடற்காகம் கொண்டுபோனது. அபர்டீன் கடற்காகங்கள் லேசுப்பட்டவை இல்லை. 2007-இல் ஒன்று கடைக்குள் நடந்து போய் சிப்ஸ் பாக்கெட் திருடிப் பேப்பரில் எல்லாம் வந்தது.

மழைக்கோட்டு எழுதியது:

நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டோன்ஹேவன் போனோம். ரயிலில் இருபது நிமிடத்துக்குள். அபர்டீனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நகரத்தைப் பாதி விட்டுவிட்டாவது இங்கே போங்கள் என்பேன்.

ஊரிலிருந்து கடலோர மேட்டுப்பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் டனோட்டர் கோட்டை. கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறையின் உச்சியில் இடிந்த சுவர்கள். படிகளில் முழுக்கக் கீழே இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நாயோடு வந்த ஒரு பெண்மணி கையைப் பிடித்து, பேசிக்கொண்டே மெதுவாக இறக்கிவிட்டார். ஸ்காட்லாந்தின் கிரீடமும் செங்கோலும் வாளும் இந்தக் கோட்டையில்தான் ஒளித்து வைக்கப்பட்டிருந்தனவாம். இங்கிலாந்தின் கிராம்வெல் படை மாதக்கணக்கில் சூழ்ந்து நின்றது. 1652-ல் கோட்டை விழுவதற்குள் அவற்றை வெளியே கடத்தி, பக்கத்துக் கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துவிட்டார்கள். பாதிரியாரின் மனைவி கிரீடத்தைத் தன் உடைக்குள் மறைத்து எடுத்துப்போனார் என்று ஒரு கதை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "மடியில கட்டிக்கிட்டுப் போயிருப்பா" என்று தன் முந்தானையை முடிந்து காட்டினாள். அந்தப் பெண்மணிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

திரும்பி வந்து துறைமுகத்தில் கல்லன் ஸ்கிங்க் குடித்தோம். புகை போட்ட ஹாடக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். பாலும் மீனுமா என்று அம்மா முகம் சுளித்தாள், பிறகு என் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டாள். குளிர்காற்றில் நடந்துவிட்டு வருகிறவர்களுக்காகவே செய்த சூப் அது. பொரித்த மார்ஸ் சாக்லெட் பிறந்ததும் இந்த ஊரில்தான் என்கிறார்கள், 1990-களில், கேரன் மீன் கடையில். குழந்தைகள் அடம்பிடித்து வாங்கினார்கள். ஒரு வாய்க்கு மேல் யாராலும் முடியவில்லை.

கோடையில் போனால் 1934-ல் கட்டிய திறந்தவெளி நீச்சல்குளத்தை விட்டுவிடாதீர்கள். கடல்நீரை 29 டிகிரிக்குச் சூடாக்கி நிரப்புகிறார்கள்.

நாலாவது கியர் எழுதியது:

வடக்கே யாரும் போகவில்லையா? காரில் போகிறவர்களுக்கு: நியூபரோவில் ஐதன் ஆற்று முகத்துவாரம், எதிர்க்கரை மணலில் நூற்றுக்கணக்கில் கடல்நாய்கள். கிட்டே போகாமல் இந்தப் பக்கம் நின்றே பாருங்கள், வாடை தானாக வந்து சேரும். அதைத் தாண்டி க்ரூடன் பே, பாறை மேல் ஸ்லெய்ன்ஸ் கோட்டை இடிபாடு. டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் விடுமுறைக்கு வந்த ஊர். இன்னும் வடக்கே புல்லர்ஸ் ஆஃப் பக்கன், கூரை இடிந்து விழுந்த பெரிய கடற்குகை. விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வசந்தத்திலும் முன்கோடையிலும் பஃபின் பறவை தென்படும். எனக்குக் கிடைத்தது 'ஹார்', அதாவது கடலிலிருந்து ஏறும் மூடுபனி. குகையின் சத்தம் மட்டும் கேட்டது.

குடிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரைதான். 10.03-க்கு பில் போடப் போய் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு வந்தவன் நான். அப்புறம், வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த மது அளவு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் குறைவு, 2014-லிருந்தே. ஒரு பைன்ட் பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

கருங்கல் எழுதியது:

ஹாரில் மாட்டினீர்களா, சரிதான்! தனிச்செய்தியில் இருவர் சைவத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார்கள். சிப்ஸையே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹாகிஸ் என்ற பண்டம் சைவமாகவும் பல இடங்களில் கிடைக்கிறது, மிளகுக் காரமும் இருக்கும். பேக்கரியில் மக்ரோனி பை கேளுங்கள், பாஸ்தாவையும் சீஸையும் மாவுக் கிண்ணத்தில் அடைத்த பண்டம். மேல்மாவிலும் என்ன கொழுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் போனால் தீர்ந்துவிட்டிருக்கும்.