அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகளும் சுவருக்குள் இருந்த மூன்று ஒயரும்

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா வாங்கிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. 1980களில் ரேடியோக்கடையில் சொல்லிச் செய்தவை. பிளைவுட்தான், ஆனால் அப்பாவைக் கேட்டால் தேக்கு என்பார். அவற்றைப் பாட வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) போன தீபாவளிக்கு முன்னால் புகைவிட்டு ஓய்ந்துபோனது. பெட்டிகளைத் தள்ளிவிட்டு வைஃபை ஸ்பீக்கர் வாங்கலாம் என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டிகளையே போனிலிருந்து வயர்லெஸ்ஸாகப் பாட வைக்கலாம் என்று இறங்கினேன்.

இந்தப் பெட்டிகளுக்குள் காந்தமும் கூம்பும் சத்தத்தைக் கனமானது, கீச்சென்றது என்று பிரித்துக் கொடுக்கிற ஒரு கிராஸ்ஓவரும்தான் இருக்கும். தானாகப் பாட அவற்றால் முடியாது. அதனால் ‘வயர்லெஸ் ஆக்குவது’ என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். போனிலிருந்து ஆம்ப் வரைக்கும் ஒயர் வேண்டாம், ஆம்பிலிருந்து பெட்டிக்கு ஒயர் போயே ஆக வேண்டும். பழைய ஆம்ப் உயிரோடு இருந்தால் அதன் ஆக்ஸ் துளையில், போன் பாட்டை வைஃபையில் வாங்கித் தரும் ஒரு சின்ன ஸ்ட்ரீமரைச் செருகினால் வேலை முடிந்தது. எனக்கு அந்த வழி இல்லை. சோனோஸ் கம்பெனியின் வைஃபை ஆம்ப் பார்த்தேன், 8 ஓம் (மின்தடை அளவு) பெட்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் 125 வாட். விலையைப் பார்த்ததும் அந்த இணையப் பக்கத்தை மூடிவிட்டு, அதில் பாதி வாட் உள்ள வேறொரு வைஃபை ஆம்ப் வாங்கினேன். ஹாலுக்கு அதுவே அதிகம்.

பெட்டிகளுக்குப் போகும் ஒயர் சுவருக்குள் ஓடுகிறது. சுவர்ப் பிளேட்டில் பெட்டிக்கு ஒரு பிளஸ், ஒரு மைனஸ் என்று நாலு முனை இருந்தது. மாட்டினேன். இடது பெட்டி அருமையாகப் பாடியது. வலதையும் சேர்த்தேன், ‘டிக்’ என்று ஆம்ப் அணைந்துவிட்டது. கழற்றினால் பாடுகிறது, மாட்டினால் அணைகிறது. ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றினேன், ரவுட்டரை மாற்றி வைத்தேன், கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அவர்களுடைய ஸ்பீக்கரில் அரை மணி நேரம் பாடிக் காட்டினார்கள். பேசாமல் திரும்பி வந்தேன்.

அப்புறம்தான் மல்டிமீட்டர் ஞாபகம் வந்தது. இரண்டு பெட்டியும் 6 ஓம் பக்கம் காட்டின. 8 ஓம் பெட்டி மீட்டரில் அப்படித்தான் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஆம்பைக் கழற்றிவிட்டு, ஏதோ தோன்றி, இடது மைனஸுக்கும் வலது மைனஸுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். பூஜ்யம்! அதாவது இரண்டும் எங்கேயோ ஒட்டியிருக்கின்றன. பிளேட்டைக் கழற்றினால் உள்ளே மூன்றே ஒயர். கறுப்பு ஒயர் ஒன்றையே இரண்டு மைனஸுக்கும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். “மூணு போதும் சார்னு அன்னைக்கு எலக்ட்ரீஷியன் சொன்னார்டா, நாற்பது வருஷமா பாடலியா?” என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். அந்தக் கால ஆம்பில் இரண்டு மைனஸும் உள்ளே ஒரே கிரவுண்டில், அதாவது பொது முனையில், போய்ச் சேரும். அதனால் ஒரு கறுப்பு ஒயர் போதும். இப்போது வருகிற, சூடு குறைந்த கிளாஸ்-டி வகை ஆம்ப்களில் பலவற்றில் மைனஸ் முனை சும்மா இருப்பதில்லை. பிளஸ் ஒரு பக்கம் தள்ளும்போது மைனஸ் எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டு சேனலின் மைனஸையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்று மற்றொன்றை ஷார்ட் செய்தமாதிரிதான். பாதுகாப்பு சர்க்யூட் இருந்ததால் என் காசு பிழைத்தது.

பைப்புக்குள் நாலாவது ஒயர் நுழையவே இல்லை. தரையோரமாக வெள்ளைப் பட்டை அடித்துப் புது ஒயர் இழுத்தோம். “இதுக்குப் பேரா வயர்லெஸ்?” என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதிலும் ஒரு பெட்டிக்கு பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டேன். தவில் சத்தம் எங்கேயோ பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி கேட்டது. சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி பெட்டியின் முனைகளில் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

* * *

மூன்று ஒயர் கதையைப் படித்ததும் என் சீலிங் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. மண்டபம் ஒன்றை இடித்தபோது நாலு ஸ்பீக்கர் சும்மா கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு புளூடூத் ஆம்ப் போர்டு வாங்கி மொட்டை மாடியில் மாட்டினேன். முழு வால்யூமிலும் கொசு பாடுகிற சத்தம். போர்டைத் திட்டிக்கொண்டே இரண்டு வாரம் ஓடிவிட்டது. பிறகு பார்த்தால் ஸ்பீக்கரின் முதுகில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அது 100 வோல்ட் லைனுக்கானது, மண்டபங்களில் நீள ஒயரில் பல ஸ்பீக்கரைக் கோக்கிற முறை. 10 வாட் முனையில் அது 1000 ஓமாக நிற்கும், என் போர்டால் அதை அசைக்க முடியுமா? டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி நேராகக் கூம்புக்குக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டது.

இன்னொன்று, அந்தப் போர்டு 24 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். 12 வோல்ட்டில் 8 ஓமுக்கு, சத்தம் உடையாமல் 9 வாட்டுக்கு மேல் வராது. அட்டையில் 50 வாட் என்று போட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம்.

* * *

நானும் பழைய ஸ்பீக்கரை இப்படி வயர்லெஸ் ஆக்கினேன், ஆனால் டிவிக்காக. புளூடூத்தில் கொடுத்தால் வாய் முதலில் அசைகிறது, வசனம் பிறகு வருகிறது. பாட்டுக்குப் பரவாயில்லை, சண்டைக் காட்சியில் அடி விழுந்த பிறகுதான் சத்தம். டிவியிலிருந்து சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே வெளியே அனுப்பும் ‘ஆர்க்’ துளை வழியாக ஆம்புக்குக் கொடுத்ததும் சரியானது. பாட்டுக்கு இன்னும் என் பழைய ஆம்பில் கூகிளின் குட்டி ஸ்ட்ரீமரான குரோம்காஸ்ட் ஆடியோதான். 2015-இல் வந்தது, 2019-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். என் அலமாரியில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: பெட்டிக்குள் கூம்பின் ஓரத்து ஃபோம் வளையம் உதிரவில்லையா? என்னுடையது தொட்டதும் மாவாகிவிட்டது.

* * *

முதலில் எழுதியவன்தான். என் பெட்டியில் ஓரம் துணி, ஃபோம் இல்லை. அதனால் தப்பித்தது. அப்பா இப்போது அவர் போனிலிருந்தே போடுகிறார், அதிகாலை ஐந்து மணிக்கு. ஆம்பை ஆப்பிலிருந்து அணைப்பது எப்படி என்று மட்டும் இன்னும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது என் கையில் இருக்கட்டும்.