பாரிமுனையைச் சுற்றி நீங்கள் கண்ட பழைய சென்னை: அனுபவங்களைப் பகிருங்கள்

மண்ணடிவாசி:
பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் எல்லைக்கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சென்ற வாரம் அதன் அருகே நின்று 1773 ஜனவரி 1 என்ற தேதியை வாசித்தபோது, அங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை. 1746-இல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் வடமதிலை ஒட்டி, உள்ளூர் மக்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். 1749-இல் திரும்பி வந்த ஆங்கிலேயர், பகைவர் மறைந்து நின்று சுட இடமிருக்கக்கூடாது என்று எஞ்சியதையும் இடித்துத் திடலாக்கினார்கள். அந்தத் திடலுக்குள் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று நட்ட ஆறு கல்தூண்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். எதிரே பேருந்துக்கு ஓடுகிறவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பூக்கடை வாசகர்:
மண்ணடிவாசி கல்லைப் பற்றி உருகுகிறார். இடிபட்ட ஊரை ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நெசவாளர்களும் வணிகர்களும் வாழ்ந்தார்கள், அவர்கள் கும்பிட்ட பட்டணம் கோயில் இருந்தது. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே உள்ள சென்ன கேசவப் பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே பட்டர் என்னிடம் சொன்னார்: "பெருமாள் இங்கே குடிவந்தவர், சார். பழைய வீடு ஹைகோர்ட் இருக்கிற இடம்." இடித்த கோயிலுக்கு ஈடாகக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் கொடுக்க, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில் எழுப்பினார். அன்றுமுதல் உயர்நீதிமன்றச் செங்கல் கோபுரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெருமாள்தான் நினைவுக்கு வருகிறார்.

ராயபுரத்தார்:
இருவரும் நகர மதிலை மறந்துவிட்டீர்கள். பழைய சிறைச்சாலை சாலையில் அந்த மதிலின் மேல் அமைந்த மாடிப் பூங்காவின் படியேறி மேலே நின்றபோது, காலடியில் இருப்பது மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு அஞ்சிக் கட்டிய மதில் என்பது உறைத்து உடல் சிலிர்த்தது.

1769-இல் அவருடைய படை நகரின் வாசல் வரை வந்த பிறகே, புதிய கருப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) வடக்கிலும் மேற்கிலும் இந்த மதிலை முழுமையாக எழுப்பினார்கள். அதன் செலவை மக்களிடமே வரியாக வாங்க எண்ணியதற்கு வால்டாக்ஸ் (Wall Tax, மதில் வரி) சாலை சாட்சி. ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறக்குமுன் எல்லைக்கல்லில் தொடங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகக் கோயிலுக்குச் சென்று, பிறகு தங்கசாலைத் தெருவில் வடக்கே நடந்து பழைய சிறைச்சாலை சாலையைப் பிடியுங்கள். பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் சாலைதான் அது. பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். உச்சிவேளைக்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மதிலைக் கடைசியாக வைத்துக்கொள்வதே நல்லது.