ஏற்காடு குளிர்ல கோழிக்குஞ்சு, புரூடர் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற அடைப்பு) எப்படி வைக்கணும்?

ஏற்காட்டுக்காரன்: நாளைக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சு வருதுங்க, ஒரு நாள் குஞ்சு. இங்க ராத்திரி பனி கொட்டுது, கரண்டும் அடிக்கடி போகுது. என்ன பண்றது?

ஓமலூர் அண்ணன்: தம்பி, குஞ்சு வர்றதுக்கு முன்னாடியே பல்பு போட்டு சூடாக்கி வச்சுடுங்க. தகடு வளைச்சு வட்டமா கட்டி கீழ 2 இன்ச் உமி, மேல பேப்பர். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரம் 3 டிகிரி குறைங்க. ஆனா தெர்மாமீட்டரை விட குஞ்சைப் பாருங்க, பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்துச்சுன்னா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயத் தொறந்து மூச்சு வாங்குச்சுன்னா சூடு ஜாஸ்தி.

வாழப்பாடி பண்ணை: வந்ததும் முதல்ல வெல்லத் தண்ணி, ஒவ்வொண்ணா அலகை நனைச்சு விடுங்க, தீவனம் அப்புறம். கரண்ட் போனா கரி அடுப்பு வைக்கலாம், ஆனா முழுசா தார்ப்பாய் போட்டு மூடிடாதீங்க, மூச்சு முட்டியே செத்துடும். 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க சொட்டு மருந்து கண்டிப்பா போடுங்க.