இண்டஸ்ட்ரியல் டிசைன் படிச்சவன் எச்சிஐ ஆராய்ச்சிக்குப் போகலாமா? கோடிங் சுத்தமா வராது

சிப்புட்_பையன்:
வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்தவன், அப்பா இன்னும் செம்பனை குலை வெட்டுறாரு, அம்மா உதிரி பொறுக்கிட்டு இருந்தாங்க, முட்டி வலி வந்து இப்ப நின்னுட்டாங்க. நான் லோக்கல் யூனில இண்டஸ்ட்ரியல் டிசைன் டிகிரி முடிச்சு (சிஜிபிஏ 3.21) 4 வருசமா ஈப்போல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரில இருக்கேன், ரைஸ் குக்கர் மூடி, ஃபேன் சுவிட்ச் கவர் இப்படித்தான் வேலை, மோல்டுல இருந்து பீஸ் ஒழுங்கா கழண்டு வருதான்னு பாக்குறதுலயே பாதி நாள் போயிடும்.

விசயம் என்னன்னா போன வருசம் எங்க தோட்டத்துல மண்டோருக்கு (வேலைய மேய்க்கிற கங்காணி) போன் குடுத்துட்டாங்க, யாரு எத்தன குலைன்னு ஆப்ல அடிக்கணுமாம். முன்ன நோட்டுப்புத்தகமும் பென்சிலும்தான். இப்ப மழை வந்தா ஸ்கிரீன் வேல செய்யாது, கிளவ்ஸ் போட்டா தொட்டாலும் தெரியாது, வெயில்ல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாள் அப்பா கணக்குல 40 குலை காணோம். கேட்டா "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது"ன்றாங்க. நான் அந்த போன வாங்கிப் பாத்தேன், கட்டைவிரல் தானா போய் நிக்கிற எடத்துலதான் அழிக்கிற பட்டன வச்சிருக்கான்! ஃபேன் சுவிட்ச்ல நான் இப்படிப் பண்ணியிருந்தா என் பாஸ் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாரு.

சரின்னு ஃபோம்ல இடுப்புல மாட்டுற மாதிரி ஒரு திருகு கவுண்டர் செஞ்சேன். அப்புறம் நெட்ல தேடுனா இதுக்கெல்லாம் எச்சிஐ, மனுசன் கம்ப்யூட்டர் ஊடாட்டம்னு தனி ஆராய்ச்சியே இருக்காம். இதுக்கு கம்ப்யூட்டர் சைன்ஸ் டிகிரி கட்டாயமா? மாஸ்டர்ஸா நேரா பிஎச்டியா? எனக்கு 28 வயசு, லேட்டா?

கொப்பி_ஓ_கோசோங்:
தம்பி மொதல்ல பிடிபிடிஎன் படிப்புக் கடன கட்டி முடிச்சியா சொல்லு 😂 மாஸ்டர்ஸ் அது இதுன்னு போனா ரெண்டு மூணு வருசம் சம்பளம் போச்சு, அப்பாவுக்கும் வயசாவுது. பேசாம கேஎல்லயோ பினாங்குலயோ யூஎக்ஸ் வேல தேடு (ஆப், வெப்சைட்ட ஆளுங்க சுலபமா பயன்படுத்துற மாதிரி டிசைன் பண்றது), அதே வேலதான், பேங்க்ல காசும் விழும். ஆராய்ச்சி பண்ணி யாரு சாப்புட்டா லா.

ஐந்தோவன்_அண்ணாச்சி:
கோசோங் சொல்றது காசு விசயத்துல சரி, அதே வேலன்றது மட்டும் தப்பு. நானும் தோட்டத்துப் பையன்தான், கோல சிலாங்கூர் பக்கம், ப்ராடக்ட் டிசைன் படிச்சு அஞ்சு வருசம் வேல பாத்துட்டு இப்ப நெதர்லாந்துல பிஎச்டி மூணாவது வருசம்.

கம்ப்யூட்டர் டிகிரி கட்டாயம் இல்ல தம்பி. இந்தத் துறைய கட்டுனதுல உன்ன மாதிரி ஆளுங்களும் உண்டு. பில் மாக்ரிட்ஜ்னு ஒரு பிரிட்டிஷ் இண்டஸ்ட்ரியல் டிசைனர், 1982ல வந்த கிரிட் காம்பஸ் லேப்டாப்ப வடிவமைச்சவரு, மூடித் திறக்கிற மாதிரி வந்த மொத கம்ப்யூட்டர்ல அது ஒண்ணு. கீல், கைப்பிடி, மூடி எல்லாத்தையும் பாத்துப் பாத்து செஞ்சுட்டு வீட்டுக்குக் கொண்டு போயி வேல பாத்தா, கொஞ்ச நேரத்துல அந்தப் பொட்டியே அவருக்கு மறந்து போச்சாம், மனசு முழுக்க ஸ்கிரீனுக்குள்ள போயிடுச்சு. அப்ப ஸ்கிரீனுக்குள்ள நடக்குறதையும் நாமதானே டிசைன் பண்ணணும்னு யோசிச்சு, அவரும் பில் வெர்ப்ளாங்கும் சேந்து அதுக்கு இண்டராக்ஷன் டிசைன்னு பேரு வச்சாங்க. உன் ஃபேன் சுவிட்ச்ல இருந்து மண்டோர் போனுக்கு வந்தது அதே ரூட்டுதான்.

கட்டைவிரல் பட்டன் கதை சொன்னியே, அதுக்கு 1954லயே ஃபிட்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கணக்கு போட்டு வச்சுட்டாரு. ரெண்டு தகட்ட வச்சு கம்பியால மாத்தி மாத்தி தட்டச் சொல்லி அளந்தாரு, தூரம் கூடுனாலும் தகடு சின்னதானாலும் நேரம் கூடும். அந்தக் காலத்துல ஏது டச் ஸ்கிரீன், ஆனா இன்னிக்கும் பட்டன் சைசுக்கு அதத்தான் எடுக்குறாங்க. அப்புறம் இஷி, உல்மர்னு ரெண்டு பேரு 1997ல எம்ஐடில இருந்து எழுதுன பேப்பரத் தேடிப் படி, டிஜிட்டல் தகவல கையால புடிக்கிற பொருளா மாத்துறது பத்தி. உன் திருகு கவுண்டர் அந்தப் பரம்பரை.

இப்ப கசப்பான விசயம். உன் ஃபோம் மாடல மட்டும் வச்சு எவனும் ஆராய்ச்சின்னு ஒத்துக்க மாட்டான். ஃபேக்டரில பொருள் நல்லா வந்தா வேல முடிஞ்சுது, இங்க அத செஞ்சதால யாருக்கும் முன்ன தெரியாத எதத் தெரிஞ்சுகிட்டன்னு கேப்பாங்க. எனக்கு இது மண்டைல ஏற ஒரு வருசம் ஆச்சு, சூப்பர்வைசர் மூணு தடவ ப்ரோபோசல திருப்பி விட்டாங்க. 2007ல CHIன்னு ("கை"ன்னு சொல்லுவாங்க) நடந்த எச்சிஐ மாநாட்டுல சிம்மர்மேன், ஃபோர்லிசி, எவென்சன் மூணு பேரும் டிசைன் பண்றதையே எப்படி ஆராய்ச்சி முறையா ஆக்குறதுன்னு எழுதிருக்காங்க, மொதல்ல அதப் படி.

கோடிங் ஆர்டுயினோ (சென்சார், பட்டன் மாட்டிப் பாக்குற சின்ன போர்டு) அளவுக்கும் கொஞ்சம் பைத்தானும் வந்தா ஓட்டிடலாம். என்னப் போட்டு வாங்குனது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான், அத இப்பவே தொடங்கு.

கோசோங்குக்கு: இங்க பிஎச்டி வேல மாதிரி, பொதுவா 4 வருசம், மாசச் சம்பளம் உண்டு. ஆனா மாஸ்டர்ஸ் இல்லாம எடுக்க மாட்டாங்க. அமெரிக்கால டிகிரில இருந்து நேரா பிஎச்டிக்குப் போகலாம். ஜார்ஜியா டெக்ல எச்சிஐ மாஸ்டர்ஸ நடத்துற நாலு ஸ்கூல்ல இண்டஸ்ட்ரியல் டிசைனும் ஒண்ணு, ஃபீஸ் மட்டும் கேட்டுறாத.

பெரட்டுக்களம்:
நான் இங்க ஒரு யூனில லெக்சரர், எங்க அம்மாவும் பால் மரம் வெட்டுனவங்கதான், பெரட்டுன்னா காலைல வேலைக்கு முன்ன ஆள் கணக்கெடுக்குறது, அதான் இந்தப் பேரு. தம்பி, லோக்கல்லயே மாஸ்டர்ஸ் பண்ணலாம். கம்ப்யூட்டிங் ஃபேகல்டில போட்டா டிகிரி வேற துறைன்னு முன்பாடம் சிலது எடுக்கச் சொல்லுவாங்க. டிசைன் ஃபேகல்டில போட்டா அந்தத் தொல்ல கம்மி, ஆனா எச்சிஐ தெரிஞ்ச சூப்பர்வைசர் கிடைக்கணும். ஃபேகல்டி பேர விடு, ஆளத் தேடு. அவங்க பேப்பர் ரெண்டு படிச்சுட்டு ஒரு பக்கத்துக்கு மேல போகாம இமெயில் போடு. "டியர் சார் ஐ ஆம் இன்டரஸ்டட்"னு மாசம் இருவது வருது எனக்கு, படிக்கிறதே இல்ல. முழு ஆராய்ச்சி மாஸ்டர்ஸா எடு, கோர்ஸ்வொர்க் வேணாம். கிராண்ட் உள்ள சூப்பர்வைசர்னா ரிசர்ச் அசிஸ்டெண்ட் அலவன்ஸ் கிடைக்கலாம், ஃபேக்டரி சம்பளத்துக்குப் பக்கத்துல கூட வராது, அத இப்பவே வீட்டுல சொல்லிடு.

இன்னொண்ணு, அப்பாவையே ஆராய்ச்சிக்கு ஆளா எடுக்கணும்னு நெனைக்காத, எதிக்ஸ் கமிட்டில மாட்டிப்ப. தோட்டத்துல பங்களாதேஷ்காரங்க, நேப்பாளிங்க, இந்தோனேசியக்காரங்களும் வெட்டுறாங்கள்ல? அவங்க கணக்கு எந்த மொழில, யாரு கையில? குலை கொறஞ்சா அவன் யாருகிட்ட போயி கேப்பான்? இந்தக் கேள்வி உன் பட்டன் சைச விடப் பெருசுன்னு எனக்குப் படுது. ஆப்ப விட்டுட்டு ஒரு நாள் காலைல பெரட்டுல இருந்து லாரி ஏத்துற வரைக்கும் சும்மா கூட நின்னு பாரு, மேனேஜ்மெண்டுகிட்ட கேட்டுட்டு.

சிப்புட்_பையன்:
அக்கா சொன்ன மாதிரி சனிக்கிழம லீவு போட்டுட்டுப் போனேன், தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட (கிளார்க்) கேட்டுட்டுதான். காலைல அஞ்சரைக்கு பெரட்டு, கொசு புடுங்கி எடுத்துடுச்சு. ஒண்ணு பாத்தேன், சின்ன வயசுல இருந்து கண்ணு முன்னாடி இருந்தும் கவனிச்சதே இல்ல. வெட்டுன குலைய ரோட்டோரம் அடுக்குறப்ப ஒவ்வொருத்தரும் காம்போட வெட்டு முகத்துல அவங்க நம்பர எழுதுறாங்க. அப்பா 17. நேப்பாளிப் பையனும் எழுதுறான், அதுக்கு மொழியும் வேணாம், மழையும் அத ஒண்ணும் பண்ணாது. மண்டோர் அதப் பாத்துதான் போன்ல அடிக்கிறாரு, அடிச்சு முடிச்சதும் லாரி குலைய ஏத்திட்டுப் போயிடும், வெட்டுனவன் கையில ஒண்ணும் மிஞ்சாது. அந்த 40 குலையும் அங்கதான் போயிருக்கணும்.

திருகு கவுண்டர ஓரமா வச்சுட்டேன் அண்ணாச்சி. காம்பு நம்பர் போட்டோ 60 எடுத்து வச்சிருக்கேன், அதுல இருந்து ஒரு பக்கம் எழுதிட்டு இருக்கேன். அக்கா, திங்கக்கிழம உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பட்டா? "டியர் சார்" போட மாட்டேன்.

கொப்பி_ஓ_கோசோங்:
பிடிபிடிஎன் பத்தி இன்னும் பதில் வரல 😏 ஆனா எழுது டா, எங்க அப்பா நம்பர் 32.