புதுப்பிப்பு: கிரில்லுல காத்து வேகம், கணக்கும் மீட்டரும் இப்போ ஒத்துப்போகுது

நான் கேட்டிருந்தது: மணிக்கு 540 கன மீட்டர் காத்து, டக்ட் (காத்து வர்ற குழாய்) வாயில 300க்கு 300 மி.மீ கிரில் (பிளேடு வச்ச மூடி), கணக்குப்படி 1.67 மீ/வி தான், அனிமோமீட்டர் (காத்து வேகம் அளக்கிற மீட்டர்) ஏன் 2.5க்கு மேலயே காட்டுதுன்னு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

"பிளேடுக்கு நடுவுல திறந்திருக்கிற பரப்பை மட்டும் எடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் விடை. கேட்டலாக்ல ஃப்ரீ ஏரியா (அந்தத் திறந்த பரப்பு) 60 சதவீதம்னு இருந்துச்சு, அப்போ 0.09 சதுர மீட்டர் 0.054 ஆகுது, 540ஐ 3600ஆல வகுத்தா செகண்டுக்கு 0.15 கன மீட்டர், அதை 0.054ஆல வகுத்தா 2.78 மீ/வி.

எதிர்பார்க்காதது என்னன்னா டக்ட் வளைவு கிரில்லை ஒட்டியே இருக்கிறதால ஒரு ஓரத்துல காத்தே இல்ல, எதிர் ஓரத்துல பிச்சுக்கிட்டு அடிக்குது, கட்டம் கட்டமா பிரிச்சு அளந்து சராசரி எடுத்தப்புறம்தான் 2.7 வந்துச்சு. டக்ட்டுக்குள்ள வேகம் வேணும்னா இந்த 60 சதவீதமெல்லாம் வேண்டாம், முழு குறுக்குப் பரப்பாலயே வகுக்கலாம்.