முத்துக்குளித்த இரண்டு கரைகள்: எண்ணெய் வந்தால் இராமநாதபுரம் செழிக்குமா?

கீழக்கரை மரக்கலம்:
நம் மாவட்டத்தில் எண்ணெயும் எரிவாயுவும் தேடி 20 சோதனைக் கிணறுகள் தோண்ட, ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டதும், எதிர்ப்புக் கிளம்பியபின் மாநில அரசு அத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று அறிவித்ததும் எல்லோரும் அறிந்தவை. எண்ணெய் என்றாலே அழிவு என்று எழுதுவோர் அபுதாபிக் கரையின் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பேரீச்ச ஓலை வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்த அந்தக் கரையில், 1958இல் உம்மு ஷைஃப் என்னுமிடத்தில் கடலடியில் எண்ணெய் கண்டார்கள். 1962இல் தாஸ் தீவிலிருந்து முதல் ஏற்றுமதி நடந்தது. ஒரே தலைமுறைக்குள் பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் வந்து சேர்ந்தன. அவர்களும் நம்மைப் போல் முத்துக்குளித்தவர்கள்தாம்.

சின்னப்பாலம் வல்லம்:
காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணன்), நீங்கள் வரலாற்றை நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே முத்துத் தொழில் செத்துவிட்டது. ஜப்பானில் வளர்த்த முத்து சந்தைக்கு வந்ததும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அதைச் சாய்த்தன. ஆமை ஓட்டில் செய்த கவ்வியால் மூக்கை அடைத்துக்கொண்டு குதித்த குளியாளி, நகுதாவிடம் (முத்துக்குளிப்புப் படகின் தலைவன்) பட்ட கடனைத் தன் மகன் தலையில் வைத்துவிட்டுப் போன காலம் அது. பிழைப்பு அற்றுப்போன கடலுக்குத்தான் எண்ணெய் வந்தது. நம் கடல் அப்படியா இருக்கிறது? விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசியைப் பறிக்கும் பெண்கள் இன்றும் எங்கள் ஊரிலிருந்து போகிறார்கள். அந்த வருமானத்தை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

வழுதூர்வாசி:
இருவரும் நம் மாவட்டத்துக்கு எண்ணெய்த் தொழில் இனிமேல்தான் வரப்போவதுபோல எழுதுகிறீர்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளின் எரிவாயுவை எரித்து எங்கள் ஊர் மின்நிலையம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. இரண்டு அலகுகளும் சேர்ந்து சுமார் 187 மெகாவாட். அதனால் கடல் வற்றிவிடவில்லை, வழுதூர் துபாயாகவும் மாறவில்லை. எரிவாயு மின்நிலையம் ஆட்கள் அதிகம் தேவைப்படாத தொழில் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கீழக்கரை மரக்கலம்:
தம்பி, செத்துப்போனது அவர்கள் முத்து மட்டும்தானா? மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்துக் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் தூத்துக்குடியில் முடிந்தது. அந்த இடத்தை நிரப்பியது எது? கீழக்கரைத் தெருக்களில் நிற்கும் மாடிவீடுகளைப் பாருங்கள்; குவைத், துபாய், சவுதி என்று போன பிள்ளைகளின் பணம் அவற்றின் செங்கல்லில் இருக்கிறது. நம் கரையை எண்ணெய் ஏற்கெனவே உருவாக்கிவிட்டது. கிணறுதான் வேறு நாட்டில் இருக்கிறது. மகனின் முகத்தைக் கைப்பேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களிடம், கிணறு இங்கே வேண்டாம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

சின்னப்பாலம் வல்லம்:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு, என் தம்பியும் சவுதியில் தம்மாமில்தான் இருக்கிறான். ஆனால் கிணறு இங்கே வந்தால் அவன் திரும்பி வருவான் என்பதற்கு என்ன உறுதி? அபுதாபியில் 1939இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அந்த மண்ணின் ஆட்சியாளர். வருமானம் அவர் கைக்கே வந்தது, பங்கிட வேண்டிய மக்களோ மிகக் குறைவு. இங்கே நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமைத்தொகை (ராயல்டி) மாநில அரசுக்கும், கடலில் எடுத்தால் ஒன்றிய அரசுக்கும் போகும். கடலோர ஊராட்சி அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. இன்னொன்று, 1991 போரில் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்ததையும், கடலில் எண்ணெய் பரவியதையும் உங்கள் வரலாற்றில் காணோம்.

கீழக்கரை மரக்கலம்:
போரின் பழியைத் தொழிலின் மேல் போடுவது நியாயமில்லை. பங்கு பற்றிய கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். அது நான் யோசிக்காத பக்கம். துபாய்கூட எண்ணெய் காண்பதற்கு முன்பே குவைத்திடம் கடன் வாங்கித் தன் கழிமுகத்தை ஆழப்படுத்தியது, ஆகவே எல்லாம் எண்ணெயால் வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த 20 கிணறுகளும் நிலத்தில் தோண்ட இருந்தவை. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் யாரும் துளைபோடக் கேட்கவில்லை. உரிமைத்தொகையில் ஊராட்சிக்கு ஒரு பங்கு என்று சட்டத்தில் எழுதினால் உங்கள் எதிர்ப்பு நிற்குமா?

சின்னப்பாலம் வல்லம்:
நிற்காது, காக்கா. எண்ணெயோடும் எரிவாயுவோடும் கிணற்றிலிருந்து உப்புநீரும் மேலே வரும். மழை பொய்த்தால் குடத்தோடு ஊற்றுத் தோண்டி அலையும் மாவட்டம் இது. அந்த நீரை எங்கே கொண்டுபோய் விடுவார்கள், வழியில் எத்தனை கண்மாய்கள் இருக்கின்றன என்பதை முதலில் வரைபடத்தில் காட்டட்டும். பங்கைப் பிறகு பேசலாம்.