மல்லாட்டை (நிலக்கடலை) இளஞ்செடி மஞ்சளானபோது நீங்கள் கண்டது என்ன?

ஏரிக்கரை:
யூரியா போட்டதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. விதைத்து 25 நாள், கொழுந்து மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை. உரக்கடையில் தழைச்சத்துக் குறைவு என்றார்கள், போட்டுத் தண்ணீரும் கட்டினேன். பத்து நாளில் கொழுந்து காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. எங்கள் கொல்லையில் சுண்ணாம்புக்கல் கிடக்கும், கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அதை வைத்தாவது இது இரும்புச்சத்துக் குறைவு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வந்து அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, கொஞ்சம் கரைத்து, ஒரு காம்பில் இருக்கும் நாலு இலையில் இரண்டுக்கு மட்டும் துணியால் தடவிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரே காம்பில் இரண்டு பச்சை, இரண்டு வெளுப்பு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் பூப்பிடிக்கும் நேரத்தில் பாதி போய்விட்டது.

செம்மண்காடு:
நீங்கள் கண்டது சரி, ஆனால் மஞ்சள் என்றாலே இரும்பு என்று எல்லாரும் ஓடக்கூடாது. நான் அப்படி ஓடி இரண்டு வாரத்தைத் தொலைத்தவன். எங்கள் காட்டில் கொழுந்து நரம்போடு சேர்ந்து மஞ்சளானது, அன்னபேதி அடித்தும் அசையவில்லை. கந்தகக் குறைவு. பல வருஷமாகச் சூப்பர் பாஸ்பேட் உரத்தை விட்டுவிட்டு டிஏபி உரம் மட்டும் போட்டதால் வந்தது. சூப்பரில் சுமார் 11 சதம் கந்தகம் உண்டு, டிஏபியில் இல்லை. தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். உங்கள் கடைக்காரர் அதைக்கூடக் கேட்கவில்லையே!

விதைக்கடலை:
எனக்குச் செடியே வரவில்லை. ஜிப்சம் போடாமல் விட்ட காட்டிலிருந்தே விதைக்கு எடுத்து வைத்தேன், காய் தேறியதாகத்தான் தெரிந்தது. விதைத்தால் சாலுக்குச் சால் இடைவெளி. முளைக்காத பருப்பைத் தோண்டிப் பிளந்தால் நடுவிலிருந்த முளைக்குருத்து கருத்துக் கிடந்தது. மூட்டையில் மிச்சமிருந்ததை மகள் ஒவ்வொன்றாகப் பிளந்து, "இதுவும்பா, இதுவும்பா" என்று நீட்டிக்கொண்டே இருந்தாள். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போதவில்லை. மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டிருக்க வேண்டும்.

மாலைத்தெளிப்பு:
எங்களுக்கும் ஒரு முறை வெளுத்தது, அடித்தேன், சரியாயிற்று. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் கரையுங்கள், அப்புறம் அன்னபேதி. கலக்கிய தண்ணீர் துரு நிறமானால் கொட்டிவிடுங்கள், அது இலைக்கு உதவாது. வெயில் தாழ்ந்த பிறகு அடித்து, பத்து நாள் விட்டு இன்னொரு முறை. சுண்ணாம்பு நிலத்தில் அன்னபேதியை மண்ணில் தூவினால் மண்ணே பிடித்துக்கொள்ளும். ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சையும் நசுக்கிப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், இரும்பு இல்லாமல் அந்தச் சிவப்பு வராது.

ஏரிக்கரை:
செம்மண்காடு அண்ணா, கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செடியைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. மஞ்சளாக இருக்கிறது என்று வாயால்தான் சொன்னேன்.